கச்சான்கோது எஞ்சின்

ஊரெல்லாம் ஓடுகிற எஞ்சின் எதுவும் என் அண்ணை கிருஷ்ணராசாவுக்குப் பிடிக்காது. ஓடாத எஞ்சின்தான் பிடிக்கும். ஓர் எஞ்சின் ஒழுங்காக ஓடி, கடையில் விலைப்பட்டு, நாலு பேர் அதை நம்பி வேலைக்குப் போய்வரத் தொடங்கினால் அவருக்கு அதில் இருந்த அக்கறை போய்விடும். எவனாவது ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கராஜுக்குள் இருந்துகொண்டு யாரும் செய்யாத கோணத்தில் ஒரு சிலிண்டரைத் திருப்பி வைத்தான் என்று கேள்விப்பட்டால், அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டு வாசலில் அண்ணை நிற்பார்.

நாங்கள் இரண்டு பேரும் எண்பதுகளின் கடைசியில் லண்டன் வந்தோம். எங்களோடு வந்தவர்கள் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றார்கள், பிறகு அதையே வாங்கினார்கள். அண்ணையும் பெற்றோல் ஸ்டேஷனில்தான் நின்றார். நின்றுகொண்டே எஞ்சினியரிங் படித்து முடித்தார். முடித்த கையோடு நல்ல கார்க் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. அதை ஒரு வருடத்தில் விட்டுவிட்டு குரொய்டனில் ஒரு தகரக் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் வைத்து, மோத வரும் கடாக்கள் போல ஒன்றையொன்று பார்த்து ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓடத்தான் செய்தது. ஓடும்போது விட்ட புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டாள். அந்தக் கொட்டகையை மூடினார்கள். அடுத்தது, ஒரு தண்டைச் சுற்றிச் சிலிண்டர்களை வட்டமாகக் கட்டி அடுக்கிய எஞ்சின். அது, தான் அதிர்ந்த அதிர்வில் தன் ஆணிகளையே கழற்றிக்கொண்டது. அதுவும் மூடப்பட்டது.

அண்ணைக்குக் கலியாணம் பேசப் போவது தங்கச்சியான எனக்குத் தண்டனை. மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பார்கள். எஞ்சின் செய்கிறார் என்பேன். எந்தக் காருக்கு என்பார்கள். ஒரு காருக்கும் இல்லை என்பேன். அதோடு அந்த வீட்டில் தேத்தண்ணி ஆறிவிடும். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் அந்த மனிதன் தனியாகவே கிடந்தார்.

அதற்குப் பிறகுதான் ரஞ்சனா வந்தாள். கிளிநொச்சிப் பக்கம் பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பித்தவள். கடைசிச் சண்டை முடிந்து, முகாமில் கிடந்து, வெளியே வந்து, தெரிந்தவர்கள் மூலம் பேசி அண்ணையைக் கட்டிக்கொண்டு லண்டனில் குட்மேய்ஸுக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட வயதில் சின்னவள் என்றாலும் முறைக்கு நானும் அவளும் மச்சாள். அண்ணையின் எஞ்சின் கதையை முகம் சுளிக்காமல் கேட்ட ஒரே பெண்பிள்ளை அவள்தான். ஒன்றும் விளங்காமலே கேட்பாள், கேட்டுக்கொண்டே கீரை ஆய்வாள். தன் கதையை மட்டும் சொல்லமாட்டாள். நாங்களும் கேட்கவில்லை. வன்னியில் இருந்து வந்தவர்களிடம் அதைக் கேட்கக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. மரியாதை என்று சொல்லிக்கொண்டோம். கேட்டால் தாங்கவேண்டுமே என்ற பயம்தான் அது.

அண்ணை அப்போது வெஸ்ட் ஈலிங் பக்கம் ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்திருந்தார். அங்கேதான் அவருடைய வாழ்க்கையைத் தின்ற எஞ்சின் இருந்தது. அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனே கிடையாது. இரண்டு பருப்புக் கச்சான்கோதை, நிலக்கடலைக் கோதை, நெடுக்காகப் பிளந்தால் நடுவில் சற்று இடுப்பு ஒடுங்கி ஒரு வடிவம் தெரியுமே, அந்த வடிவத்தில் ஓர் உலோகக் கூடு. அதற்குள் வயிறு புடைத்த ஒரு முக்கோணம் சுற்றும். சுற்றச் சுற்ற முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் காற்றும் பெற்றோலும் புகுந்து, நசுங்கி, வெடித்து, புகையாய் வெளியேறும். அவ்வளவுதான் எஞ்சின். அண்ணை அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடப்பார். ஆனால் அதன் பலம் ஒரு சின்ன வான் வண்டியை இழுக்கும்.

சிக்கல் எல்லாம் அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளிலும்தான். ஒவ்வொரு முனையிலும் காற்றுப் போகாமல் அடைக்கிற ஒரு மெல்லிய சீல் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடவேண்டும். இறுக்கினால் சுவரைத் தின்னும், தளர்த்தினால் காற்றுப் போகும். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு அந்தச் சீல்கள் துள்ளத் தொடங்கும், சுவரில் கோடு கோடாய் வரி விழும், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். நிறுத்தி, ஆறவிட்டு, கழற்றி, அண்ணை கூட்டுக்குள் கையை விட்டு நகத்தால் சுவரை இழுத்துப் பார்ப்பார். நகம் தடக்கினால் அவ்வளவு வேலையும் பாழ். மறுபடியும் புதுச் சீல், அதைத் தள்ளிப் பிடிக்கும் புது வில்லு, புதுக் கூடு. இப்படி ஆண்டுக்கணக்கில். கலியாண வீட்டில் பந்தியில் இருந்துகொண்டு வாழையிலையில் அந்த முக்கோணத்தைச் சாம்பாரால் கீறிக் காட்டுவார். பக்கத்தில் இருப்பவர் கை கழுவ எழும்பிவிடுவார்.

ஒவ்வொரு புது எஞ்சினும் முதன்முதலில் ஓடும் நாளன்று அவர் வெஸ்ட் ஈலிங் துர்க்கையம்மன் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கிக்கொண்டு போய் எஞ்சின் மூடியில் பூசுவார். ஒரு தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி வைப்பார். முதலில் சிரித்த வெள்ளைக்காரர்கள், ஒருமுறை விபூதி பூசாமல் ஓடிய எஞ்சின் பத்து நிமிடத்தில் இறுகிப் போனதும், தாங்களே தேசிக்காய் வாங்கிவரத் தொடங்கினார்கள். முதலாளி கிறஹாம் நல்ல மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கதையில் கெட்ட மனிதன் என்று ஒருவனாவது இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

முதலில் அந்த எஞ்சின் பற்றரி வான்களுக்கு என்றார்கள். பற்றரி இறங்கினால் இது மின்சாரம் ஏற்றிக் கொடுக்குமாம். ஆனால் பற்றரிகள் தாமே பெரிதாகிவிட்டன, வான் கம்பனி கையை விரித்தது. அந்த நேரம் பார்த்து அண்ணையும் அவருடைய ஆட்களும் சீல் சிக்கலை ஒருவாறு அடக்கிவிட்டார்கள். எஞ்சின் நாள் முழுக்க ஓடியது, நகம் தடக்கவில்லை. முப்பது வருடத்தில் அண்ணை கைவைத்த எஞ்சின்களில் முதன்முதலாக ஒன்று ஒழுங்காக ஓடுகிறது, அதை வாங்க ஆள் இல்லை. அந்த மாதம் அவர் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ரஞ்சனா எனக்குப் போன் பண்ணி அழுதாள்.

பிறகு ஒருநாள் அண்ணையே போன் பண்ணினார்.

"கௌரி, பிளேனுக்கு எடுக்கப் போறாங்களாம். ஆளில்லாமல் பறக்கிற சின்னப் பிளேன். கடலுக்கை தத்தளிக்கிற சனத்தைத் தேடிப் பிடிக்கிறதுக்காம்."

"உண்மையோ அண்ணை?"

"ஓம். படகு கவிண்டு போற ஆக்களுக்கு. எங்கடை எஞ்சின்தான் பாரம் குறைவு, கனநேரம் நிண்டு பறக்குமாம்."

நான் வேலை செய்யும் பார்மஸியில் மருந்து வாங்க வந்த ஒருவரையும் விடாமல் இதைச் சொன்னேன். என் அண்ணையின் எஞ்சின் உயிர் காப்பாற்றப் போகிறது. அந்தப் பெருமை எனக்கும் கொஞ்சம் தேவையாக இருந்தது.

அண்ணைக்கு அறுபது பிறந்தபோது இல்ஃபோர்ட்டில் ஒரு மண்டபம் எடுத்து மணிவிழா வைத்தோம். காலையில் பூசை, மாலை மாற்றல், பகல் சாப்பாடு. இப்படியான விழாக்களில் பெரிய திரையில் பிறந்த நாள் தொடக்கம் எடுத்த படங்களை ஓடவிடுவது எங்கள் வழக்கம். அண்ணையின் படங்கள் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன. அந்த மனிதன் எங்கே சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்? அதற்குப் பிறகு ஒரு வீடியோ வைத்திருந்தார், எவருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல். அவர்கள் பறக்கவிட்டுச் சோதித்துப் பார்க்கும் வேல்ஸ் பக்கத்துப் புல்வெளி. சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பிளேன் எழும்பி மேலே போய், வட்டம் போட்டுக்கொண்டு நிற்கிறது. கீழே நின்று எடுத்த படம். சத்தத்தைக் கூட்டிப் போடும்படி பாட்டுப் போடுகிற பொடியனிடம் அண்ணை கைகாட்டினார். தன் எஞ்சின் பறப்பதை உலகம் கேட்கட்டும் என்று.

மண்டபத்தின் நான்கு மூலையிலும் இருந்த ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வந்தது. ஒரே சீரான இரைச்சல், தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி.

மேடைக்கு இடதுபக்கம் ரஞ்சனாவின் சொந்தக்காரர் இருந்த மேசை. அதில் ஒரு முதியவர் எழும்பி நின்று கூரையைப் பார்த்தார். ஒரு பெண் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்து இழுத்துச் சுவரோடு ஒட்டினாள். திரும்பிப் பார்த்தேன். மேடையில் அண்ணைக்குப் பக்கத்தில் ரஞ்சனா இல்லை. பட்டுச்சேலையும் மாலையுமாக இறங்கி ஓடி, முன்மேசையில் இருந்த யாரோ ஒருவரின் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்துவிட்டாள். பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமத்தி, அதன்மேல் தான் குனிந்து இருந்தாள். பிள்ளையின் தாய் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

"வண்டு," என்றார் அந்த முதியவர். "வண்டெல்லே இது."

இரண்டாயிரத்து ஒன்பதில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நானும் அண்ணையும் நாட்கணக்கில் நின்று சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறோம். வன்னியில் ஆட்களை மேலே இருந்து வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்தைச் சனம் வண்டு என்று சொல்லும் என்பதை அங்கே நின்றுதான் அறிந்தோம். வண்டு வந்து சுற்றிவிட்டுப் போனால் பின்னால் குண்டு போடும் கிபிர் விமானம் வரும், ஷெல் வரும் என்றும் அறிந்தோம். சொல் தெரியும். அது எப்படி இரையும் என்று லண்டனில் இருந்த எங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணை அந்த இரைச்சலை ஆண்டுக்கணக்காகத் தினமும் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். அவருக்கு அது சங்கீதம்.

சத்தத்தை நிறுத்தினார்கள். நான் போய் ரஞ்சனாவை மேசைக்குக் கீழே இருந்து எழுப்பினேன். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையைத் தாயிடம் கொடுத்து, மன்னிப்பும் கேட்டாள். பிறகு எல்லோருக்கும் சாப்பாடு போட்டோம். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது என்று சனம் சொல்லிவிட்டுப் போனது.

அன்று தொடக்கம் ரஞ்சனா சின்ன அறையில் படுத்தாள். அண்ணை கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார். நான் அங்கே நின்றேன், கேட்டேன்.

"எனக்கு உங்களிலை கோவம் இல்லை," என்றாள் அவள். "உங்களைப் பாத்தால் அந்தச் சத்தம் வருது. அதுதான் ஏலாமல் கிடக்கு."

அண்ணை கிறஹாமிடம் போய், யார் வாங்குகிறார்கள் என்று முதன்முறையாகக் கேட்டார். கடலில் தேடும் ஆட்கள் எப்போதோ விலகிவிட்டார்களாம். இப்போது கேட்பதெல்லாம் இராணுவங்களுக்கு விற்கும் பாதுகாப்புப் பகுதிக்காரர். உலகம் இருக்கிற இருப்பில் அவர்களுக்கு எத்தனை எஞ்சினும் போதாமல் இருக்கிறதாம். எந்த நாடு என்று கிறஹாமுக்கே முழுதாகத் தெரியாதாம். தெரிந்தாலும் சொல்லமுடியாதாம்.

"விடுங்கோ அண்ணை," என்றேன். "நாளைக்கே விடுங்கோ."

"விட்டால்? அறுபது வயசிலை எனக்கு ஆர் இன்னொரு எஞ்சின் தருவினம்? என்ரை சீவியத்திலை ஓடினது இது ஒண்டுதான்."

"ரஞ்சனா?"

"அவளுக்குச் சத்தம்தானே பிரச்சினை. சத்தத்தை நான் பாக்கிறன்."

எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். மனிசி சாவைக் கண்ட மாதிரி மேசைக்குக் கீழே ஒளிகிறாள், இந்த மனிதனுக்கு அது கழற்றிப் பூட்டித் திருத்துகிற பழுதாகத் தெரிகிறது. முப்பது வருடம் எஞ்சினோடு கிடந்தால் மூளையும் அப்படித்தான் சுற்றும் போல.

ஆனால் அவர் சொன்னதைச் செய்தார். அந்த வகை எஞ்சினில் புகை வெடிச்சத்தத்தோடு ஒரேயடியாய்த் திறந்து வெளியே பாயும், அதுதான் இரைச்சலாம். அண்ணை அந்தப் புகையை அறை அறையாகப் பிரித்து, மடக்கி மடக்கி ஓடவிட்டு, களைத்துப் போய் வெளியே வரும்படி ஒரு சைலன்சர் செய்தார். பாரம் கூடிவிடாமல் இருக்க அதைக் கடதாசி போல மெல்லிய உலோகத்தில் செய்யவேண்டும். அது சூட்டில் வெடித்தது. மறுபடி செய்தார். பிறகு பார்த்தால் காற்றாடியின் இரைச்சல் தனியே இருந்தது. எஞ்சினுக்கும் காற்றாடிக்கும் நடுவில் வேகத்தைக் குறைக்கும் பல்சில்லுப் போட்டுக் காற்றாடியைப் பெரிதாக்கி மெதுவாகச் சுற்ற வைத்தார். ஞாயிற்றுக்கிழமையும் போனார். அந்த மாரி முழுவதும் அவருடைய கண் குழி விழுந்து போயிருந்தது. ஏன் இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கிறஹாம் கேட்டாராம். "என் மனைவிக்கு இந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். தங்கள் மனைவிமாருக்கும் அப்படித்தான் என்றார்களாம்.

பங்குனியில் ஒரு ஞாயிறு பகல் நான் குட்மேய்ஸில் அவர்கள் வீட்டுக் குசினியில் இருந்தேன். ரஞ்சனா குழாயடியில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணை வேல்ஸில் இருந்து நேரே வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் மணிவிழாவிலும் காணவில்லை.

"ரஞ்சனா, முடிஞ்சுது. நேற்றுப் பறக்கவிட்டுப் பாத்தனாங்கள். நேரே தலைக்கு மேலை நிக்குது, கீழை ஒரு சிலமனும் இல்லை. குருவி கத்துறதுதான் கேட்டது. இனி உமக்கு அந்தச் சத்தம் கேக்கவே கேக்காது."

அவள் வெட்டுவதை நிறுத்தினாள்.

"கேளாதோ?"

"கேளாது. உமக்காகத்தான் செய்தனான்."

"ஒருத்தருக்கும் கேளாதோ?"

"ஒருத்தருக்கும்."

அவள் கையைக் கழுவினாள். துடைக்கவில்லை. கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தாள். பன்னிரண்டு வருடமாகச் சொல்லாததை அப்போது சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

"என்ரை பள்ளிக்கூடத்திலை சின்னனுகளுக்கு அ, ஆ பழக்க முதல் அந்தச் சத்தத்தைத்தான் பழக்கினனாங்கள். வண்டு இரையுது எண்டால் புத்தகத்தைப் போட்டிட்டு ஓடவேணும். பங்கருக்கை குதிக்கவேணும். காதிலை விழுந்த உடனை ஓடினதுகள் தப்பிச்சுதுகள். நானும் அப்பிடித் தப்பினனான். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால் நடுங்குது, ஓம். ஆனால் அது கேட்டபடியாத்தான் நான் இண்டைக்கு இதிலை இருந்து உங்களோடை கதைக்கிறன்."

அண்ணை கதிரை ஒன்றில் இருந்துவிட்டார்.

"அதை ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றாள். "இனி எதைக் கேட்டு அந்தப் பிள்ளையள் ஓடும்?"

எந்தப் பிள்ளைகள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவள் திரும்பிப் போய் மிச்ச மீனை வெட்டினாள். அண்ணை சப்பாத்தோடே அந்தக் கதிரையில் இருந்தார், பொழுதுபடும் வரைக்கும். எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை. அந்தச் சனியன் பிடித்த சைலன்சரை அவர் உண்மையாகவே அன்பில்தான் செய்தார்.

திங்கட்கிழமை போய், அதை நிறுத்தவேண்டும், தன் வரைபடத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கிறஹாமிடம் கேட்டார். கம்பனிச் சம்பளத்தில் செய்த வேலை கம்பனியுடையது. வரைபடம் ஏற்கெனவே வாங்குபவர்களிடம் போய்விட்டது. அவர்களுக்கு நல்ல சந்தோஷம். சத்தமில்லாததுதான் வேண்டும், பழையது இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணை அன்றே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். ஏன் என்று கிறஹாம் கேட்டதற்கு, மனைவி காரணம் என்று மட்டும் சொன்னார். தனக்கு ஆங்கிலத்தில் அதற்குமேல் சொல்ல வரவில்லை என்றார் என்னிடம். நாற்பது வருடத்துக்குக் கிட்ட இந்த நாட்டில் இருந்த மனிதன்.

கடைசி நாளன்று நான்தான் காரில் ஏற்றிவரப் போனேன். அவரோடு வேலை செய்தவர்கள் வாசல் வரை வந்து கட்டிப்பிடித்து அனுப்பினார்கள். ஒரு பெண் அழுதாள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் அண்ணை பெல்ட் போடாமல் இருந்தார்.

"என்ன அண்ணை?"

"புது எஞ்சினுக்குப் பேர் வச்சிருக்கிறாங்கள். இண்டைக்குத்தான் சொன்னவங்கள்."

"என்ன பேர்?"

"நான் மனிசிக்காகச் செய்தது எண்டு தெரியுமெல்லே அவங்களுக்கு. கிறஹாம் எழும்பி நிண்டு, இது எங்கடை நன்றி எண்டு சொல்லி, தகட்டைக் காட்டினான். தமிழிலையே வெட்டுவிச்சிருக்கிறான். ரஞ்சனா."

நான் காரை எடுக்காமலே இருந்தேன். பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

"என்னெண்டு சொல்லுறது? எல்லாரும் கைதட்டிச்சினம். தாங்க்ஸ் எண்டு சொன்னனான்."

அந்தத் தகடு இனி ஒவ்வொரு எஞ்சினிலும் இருக்குமாம். ரஞ்சனாவுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை.